கடைசிக் கடைவாய்ப்பல் வரை எட்டும் வெளிச்சம்: வேலோ கார்ட்லெஸ் க்யூரிங் லைட்

க்யூரிங் லைட் (பல் ஃபில்லிங்கை ஒளியால் இறுகவைக்கும் விளக்கு) வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது "எத்தனை மில்லிவாட்?" என்றுதான். நான் முதலில் பார்ப்பது விளக்கின் தலையை. வேலோ கார்ட்லெஸ் எனக்குப் பிடித்துப்போனதே அதனால்தான். எல்.இ.டி.க்கள் நுனியிலேயே இருப்பதால் நீண்டு வளைந்த கண்ணாடித் தண்டு இதில் கிடையாது. தலை மெலிசு. வாயை அகலமாகத் திறக்க முடியாதவர்களுக்கும், மேல் கடைவாய்ப்பல்லின் மீது சாயாமல் நேராக உட்காருகிறது.

சாயாமல் இருப்பதில்தான் எல்லாமே இருக்கிறது. இரண்டு பற்களுக்கு இடையில் வந்த சொத்தையைச் சுத்தம் செய்தபின், குழியின் அடித்தளம் விளக்கின் நுனியிலிருந்து 6, 7 மில்லிமீட்டர் கீழே போய்விடும். விளக்கு கொஞ்சம் சாய்ந்தாலும் பல்லைச் சுற்றி மாட்டும் மெல்லிய பட்டையான மேட்ரிக்ஸ் பேண்டின் நிழல் அந்த மூலையில் விழும். மேல்பரப்பு இறுகிவிடும், பாலிஷும் நன்றாக ஏறும். அடியில் அரைகுறையாகக் கிடக்கும். மறுபடி சொத்தை பிடிப்பது பெரும்பாலும் அந்த ஓரத்தில்தான். முன்பு வைத்திருந்த வேறொரு விளக்கில் இதைச் சோதித்திருக்கிறேன். சின்ன உலோக வளையத்தில் 2 மில்லிமீட்டர் கனத்துக்குக் கம்போசிட் (பல் நிற ஃபில்லிங் பிசின்) அடைத்து, விளக்கைத் தூக்கி, சாய்த்துப் பிடித்தேன். மேலே நகம் இறங்கவில்லை. திருப்பிப் போட்டு ஸ்பேட்டுலாவால் சுரண்டினால் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டு வந்தது. நோயாளியின் வாயில் இதைத் திருப்பிப் பார்க்கவா முடியும்?

வேலோவின் ஒளி 385 முதல் 515 நானோமீட்டர் வரை பரவுகிறது. பெரும்பாலான கம்போசிட்டில், ஒளி பட்டதும் இறுகலைத் தொடங்கிவைக்கும் கேம்ஃபர்குவினோனுக்கு 468 நானோமீட்டரை ஒட்டிய நீலம் போதும். ஆனால் அது மஞ்சள் நிறம் கொண்டது. அதனால் மிக வெளுத்த ஷேடுகள் சிலவற்றில் அதைக் குறைத்து, அதே வேலையைச் செய்யும் டி.பி.ஓ. என்ற பொருளைச் சேர்க்கிறார்கள். அதற்கு ஊதா வேண்டும். நீலம் மட்டும் தரும் விளக்கு அங்கே சரிப்படாது.

அப்புறம் மோடுகள். ஸ்டாண்டர்டில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 1000 மில்லிவாட், ஹை பவரில் 1400, எக்ஸ்ட்ரா பவரில் 3200. எக்ஸ்ட்ராவில் 3 விநாடியில் வேலை முடிகிறது என்பது கேட்க நன்றாகத்தான் இருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 3 விநாடிக்குச் சதுர சென்டிமீட்டருக்கு 9.6 ஜூல் ஒளியாற்றல். ஸ்டாண்டர்டில் 20 விநாடி கொடுத்தால் 20 ஜூல். போதாததற்கு, கம்போசிட் இறுகும்போது சுருங்கும். மெதுவாக இறுகினால் அந்த இழுவிசை கொஞ்சம் தணிய நேரம் கிடைக்கும். சட்டென்று இறுகினால் அது முழுக்க பல்லோடு ஒட்டிய விளிம்பின் மேல் வரும். ஆழமான குழியில் சூடும் பல்கூழை எட்டும். ஃபில்லிங்குக்கு நான் ஸ்டாண்டர்டை விட்டு நகர்வதில்லை. ஒரு அடுக்கு 2 மில்லிமீட்டர், அதற்கு 20 விநாடி, பக்கவாட்டில் ஏர் சிரிஞ்சால் மெல்லக் காற்று. அடர்ந்த ஷேடாக இருந்தால் இன்னொரு சுற்று.

தலையைக் கழற்றி ஆட்டோகிளேவில் (நீராவியால் கிருமி நீக்கும் கருவி) போட வழியில்லை, அதனால் பிளாஸ்டிக் உறை கட்டாயம். உறையின் மடிப்பு லென்ஸ் மேல் வராமல் இழுத்து மாட்டுங்கள். லென்ஸில் கம்போசிட் ஒட்டிக் காய்ந்திருந்தால் வெளிச்சம் நன்றாகவே குறையும். உதவியாளருக்கும் ஆரஞ்சு கண்ணாடி கொடுங்கள். அதைப் போட்டுக்கொண்டால்தான் 20 விநாடியும் முகத்தைத் திருப்பாமல், விளக்கு நகராமல் பார்த்துக்கொள்ள முடியும்.