ஹார்வர்ட் கேஸ் வாங்கலாம், கெட்டி அட்டை வேண்டாம்

தேயிலைத் தோட்டத்து ஆபிஸில் கணக்குப் பார்க்கிறேன், சனி ஞாயிறில் கண்டிக்குப் போய் எம்பிஏ படிக்கிறேன். இரண்டு வருசமாகப் பல்கலைக்கழகப் பதிப்பகங்களுக்குக் கொட்டிய காசில் ஹட்டன் டவுனில் நல்ல பிரிட்ஜ் ஒன்று எடுத்திருக்கலாம், அதனால் நாலு வார்த்தை சொல்ல எனக்கு உரிமை உண்டு.

முதலில் ஹார்வர்ட் பிசினஸ் பப்ளிஷிங். 1994இல் பல்கலைக்கழகமே தொடங்கிய நிறுவனம், 1922 முதல் வரும் ஹார்வர்ட் பிசினஸ் ரிவியூ இதழும் இப்போது இவர்களுடையதுதான். இலாப நோக்கில்லாதது என்றதும் இலவசம் என்று நினைத்துவிடாதீர்கள், ஒவ்வொரு கேஸுக்கும், அதாவது ஒரு நிறுவனத்தின் சிக்கலைக் கதையாக எழுதிய வகுப்புப் பாடத்துக்கும், டாலர் கட்ட வேண்டும். ஆனால் சரக்கு சுத்தம். பத்துப் பதினைந்து பக்கம், பின்னால் கணக்கு அட்டவணைகள், கடைசியில் ஒரு மேனேஜர் என்ன முடிவெடுப்பதென்று தெரியாமல் நிற்பார், கதையும் அங்கேயே நின்றுவிடும். விடை கிடையாது. அடைமழையில் கொழுந்து நனைந்து வந்து, பெக்டரியில் கொட்ட இடமில்லாமல், லொறியை என்ன செய்வதென்று எங்கள் தோட்ட மேனேஜர் துரை வாசலில் நின்ற நாள்தான் எனக்கு ஞாபகம் வந்தது. அதையும் யாராவது கேஸாக எழுதலாம்.

அப்புறம் ஒக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ். 8ஆம் ஹென்றி 1534இல் கேம்பிரிட்ஜுக்கு அச்சிட அனுமதி கொடுத்தார், அவ்வளவு பழைய கை. தெற்காசியாவில் மட்டும் விற்பனைக்கு என்று போட்டு இந்தியாவில் அச்சாகும் பதிப்பு கிடைத்தால் யோசிக்காமல் எடுங்கள். தாள் மெல்லிசுதான், எங்கள் பக்கத்துப் பனிக்கு அட்டை சுருளும், மூலையில் பூஞ்சணம் பிடிக்கும், துடைத்துவிட்டு வாசிக்க வேண்டியதுதான்.

கெட்டி அட்டையில் ஒரு முறை சூடு வாங்கினேன். வேறொரு பதிப்பகம், பெயர் வேண்டாம். நூறு டாலருக்கு மேல் கொடுத்து, மூன்று வாரம் காத்திருந்து பிரித்தால், ஓர்டர் வந்தபிறகு ஒற்றைப் பிரதியாக அச்சடித்து அனுப்பியிருக்கிறார்கள். வரைபடமெல்லாம் சாம்பல் பூசின மாதிரி, எந்தக் கோடு எந்த வருசம் என்றே தெரியவில்லை. விலை நூலகங்களுக்கு வைத்த விலை, நம்மைப் போல் தனியாள் வாங்குவான் என்ற நினைப்பே அவர்களுக்கு இல்லை.

2019இல் வாஷிங்டன் பல்கலைக்கழகப் பதிப்பகம் மலையகத் தமிழ்ப் பெண்களின் உழைப்பைப் பற்றி ஒரு நூல் போட்டது. அப்படியொரு நூல் பேப்பர்பேக்கில் 30 டாலர் என்று வைத்தால்கூட, 2024இல் 1350 ரூபாவாக இருந்த தோட்டத்து நாள் சம்பளத்தில் ஒரு வாரக் கொழுந்து போயிருக்கும். அம்மாவிடம் கணக்குச் சொன்னேன்.

"யாரப் பத்தி எழுதியிருக்காங்க?"

"நம்மளப் பத்தித்தாம்மா."

இன்னும் வாங்கவில்லை.