வியாசர்பாடி இலவச ஈவ்னிங் டியூஷன், தாராளமா சேர்க்கலாம்

என் தங்கச்சி பையன் எட்டாவது, இங்கதான் வர்றான், ஃபீஸ் கிடையாது, சொல்லித்தர்றது எல்லாமே ஏரியாவுல காலேஜ் படிக்கிற அண்ணன் அக்காங்கதான், அதனால டவுட் கேக்க பசங்க பயப்படறதே இல்ல, கணக்கு வரலன்னா மூணாம் வாய்ப்பாட்டுல இருந்துகூட திரும்ப ஆரம்பிக்கறாங்க. 2021ல கவர்மென்ட் கொண்டுவந்த இல்லம் தேடிக் கல்வியும் கிட்டத்தட்ட இதே மாதிரிதான், ஆரம்பிச்சப்போ தன்னார்வலருக்கு மாசம் 1000 ரூபா குடுத்தாங்க, ஆனா அது எட்டாவது வரைக்கும்தான் இருந்துச்சு. இங்க பத்தாவது, ப்ளஸ் டூவும் பாக்கறாங்க, எனக்கு அதான் பெருசா தெரியுது. குறைன்னா இடம்தான். ஒரே ஹால், ரெண்டு ஃபேன், பெரிய மழைன்னா லீவு. செமஸ்டர் டைம்ல சொல்லித்தர ஆளும் குறையும் (பாவம், அவங்களும் படிக்கணுமே). சுண்டல் குடுக்குற அன்னிக்கு மட்டும் அட்டெண்டன்ஸ் ஃபுல்லு 😄 சேர்க்கணும்னா ஜூன்லயே போயிடுங்க, அப்புறம் உக்கார இடமிருக்காது.