வேக்யூம் கேஜ்: எஞ்சின் மாற்றிய பழைய மாருதி 800 வைத்திருப்பவர்களுக்கு

கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் பாகம்) வைத்த பழைய மாருதி 800-க்கு வேறு எஞ்சின் ஏற்றிய பிறகு ஐடிலிங்கில் (ஆக்சிலேட்டரை மிதிக்காமல் எஞ்சின் மெதுவாக ஓடும்போது) வண்டி குலுங்குகிறது என்றால், மறுபடியும் கார்புரேட்டரைக் கழற்றுவதற்கு முன்னால் ஒரு வேக்யூம் கேஜ் (எஞ்சின் உண்டாக்கும் வெற்றிடத்தை அளக்கும் மீட்டர்) வாங்கிவிடுங்கள். ஆன்லைனில் "வேக்யூம் அண்ட் ஃபியூயல் பம்ப் டெஸ்டர்" என்று தேடினால் கிடைக்கும். ஒரு வட்ட மீட்டர், கொஞ்சம் ரப்பர் ஹோஸ், பல அளவில் பிளாஸ்டிக் கனெக்டர்கள், அவ்வளவுதான் பெட்டிக்குள் இருக்கும். நான் வாங்கியதில் பெரிய கம்பெனிப் பெயர் எதுவும் கிடையாது, ஆனாலும் கொடுத்த காசுக்கு மேலேயே வேலை செய்துவிட்டது.

எங்களுடையது 90-களின் கடைசியில் வந்த வண்டி. எஞ்சின் ஆயிலைக் குடித்துப் புகை தள்ள ஆரம்பித்ததால் செகண்ட் ஹேண்ட் எஞ்சின் ஒன்றை ஏற்றினோம். ஓட்டத்தில் ஒரு குறையும் இல்லை, சிக்னலில் நின்றால் மட்டும் ஸ்டியரிங்கிலிருந்து கதவுக் கண்ணாடி வரை நடுங்கும், சில நேரம் ஆஃப் ஆகிவிடும். பட்டறையில் பிளக், பிளக் வயர் எல்லாம் மாற்றிவிட்டு, கடைசியில் ஐடில் வேகத்தை மாற்றும் ஸ்லோ ஸ்பீடு ஸ்க்ரூவைத் தூக்கி வைத்து அனுப்பினார்கள். அது வைத்தியமே இல்லை, நோயை மூடி வைப்பது. நடுக்கம் குறைந்த மாதிரி தெரியும், பெட்ரோல் மட்டும் கூடுதலாகப் போய்க்கொண்டே இருக்கும்.

இந்த வண்டிகளில் ஸ்கேனர் மாட்டிப் பார்க்க கம்ப்யூட்டரே கிடையாது. அதனால்தான் இந்த மீட்டர் இவ்வளவு உதவுகிறது. ஐடிலில் த்ராட்டில் (காற்று போகும் வழியைத் திறந்து மூடும் தகடு) கிட்டத்தட்ட மூடியிருக்கும்போது பிஸ்டன்கள் காற்றை இழுக்கப் பார்ப்பதால் கலவையை சிலிண்டர்களுக்குப் பிரித்துக் கொண்டுபோகும் குழாயான மேனிஃபோல்டுக்குள் வெற்றிடம் உண்டாகும், அது எவ்வளவு, எவ்வளவு நிதானமாக நிற்கிறது என்பதை முள் காட்டும். நல்ல எஞ்சின் கடல் மட்டத்தில் சுமார் 17 முதல் 22 பாதரச அங்குலம் (மீட்டரில் வெற்றிடத்தை அளக்கும் அலகு) வரை ஆடாமல் காட்டும். ஆயிரம் அடி உயரத்துக்கு ஏறக்குறைய ஒரு அங்குலம் குறையும் என்பதை மனதில் வையுங்கள். கோயம்புத்தூரில் அது பெரிதாகத் தெரியாது, ஆனால் ஊட்டியில் இருப்பவர் 12, 13 என்று பார்த்துவிட்டு எஞ்சின் போய்விட்டது என்று பயப்பட வேண்டாம், அந்த உயரத்துக்கு அது சரியான அளவாகவே இருக்கலாம்.

மாட்டும்போது ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். மேனிஃபோல்டிலிருந்து நேராக வரும் ஹோஸில்தான் டி-கனெக்டரை (மூன்று வாய் உள்ள இணைப்பு) போட வேண்டும். பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் ஹோஸ் பல வண்டிகளில் த்ராட்டிலுக்கு மேலே இருந்து வருவதால் ஐடிலில் முள் அசையவே அசையாது, மீட்டர் கெட்டுவிட்டது என்று தோன்றும்.

எங்கள் வண்டியில் முள் 12 பக்கம் நின்றது. குறைவாக, ஆனால் நிதானமாக நின்றால் இரண்டு சந்தேகம்: ஒன்று டைமிங் பின்தங்கியிருக்கிறது (பிளக்கில் பொறி வரும் நேரமான இக்னிஷன் டைமிங்காகவும் இருக்கலாம், வால்வுகளை இயக்கும் டைமிங் பெல்ட் ஒரு பல் தள்ளி மாட்டியதாகவும் இருக்கலாம்), இல்லையென்றால் எங்கோ வெளிக்காற்றை இழுக்கிறது. எது என்று பார்க்க சோக்கைப் பாதி இழுத்தேன். உடனே எஞ்சின் சீராகி முள் ஏறியது. சோக் போட்டால் பெட்ரோல் கலவை கெட்டியாகும், அதில் சீராகிறது என்றால் அதுவரை காற்று அதிகமாக இருந்தது என்று அர்த்தம். அப்புறம் ஒவ்வொரு வேக்யூம் ஹோஸாக அமுக்கிப் பார்த்தேன், மாற்றமில்லை. மேனிஃபோல்டு சிலிண்டர் ஹெட்டோடு (எஞ்சினின் மேல் பகுதி) சேரும் ஓரத்தில் ஸ்ப்ரே பாட்டிலில் தண்ணீர் அடித்ததும் முள் துள்ளியது. பழைய எஞ்சினிலிருந்து மேனிஃபோல்டைக் கழற்றி மாட்டியபோது நடுவில் காற்று புகாமல் அடைக்கும் கேஸ்கெட்டையும் பழையதையே போட்டிருக்கிறார்கள், அதுதான் மொத்தக் காரணம். தயவுசெய்து இந்தச் சோதனைக்குப் பெட்ரோலோ கார்புரேட்டர் கிளீனரோ அடிக்காதீர்கள், சூடான எஞ்சினில் தீப்பிடிக்கும், தண்ணீரே போதும்.

புது கேஸ்கெட் போட்டதும் முள் 18-ல் நின்றது. அதன் பிறகு ஸ்லோ ஸ்பீடைக் குறைத்து, பெட்ரோல், காற்றுக் கலவையை மாற்றும் மிக்ஸர் ஸ்க்ரூவை முள் அதிகபட்சம் எங்கே ஆடாமல் நிற்கிறதோ அங்கே வைத்தேன். காதால் கேட்டு வைப்பதைவிட இது எவ்வளவோ துல்லியம்.

இதே மீட்டர் வேறு சிலவற்றையும் காட்டிக்கொடுக்கும். முள் சீரான இடைவெளியில் டக் டக்கென்று விழுந்தால் ஏதோ ஒரு வால்வு சரியாக மூடவில்லை, செகண்ட் ஹேண்ட் எஞ்சினில் முதலில் பார்க்க வேண்டியது இதுதான். ரேஸ் கொடுத்து எஞ்சினை 2500 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு இத்தனை சுற்று) பிடித்து வைக்கும்போது முள் மெல்ல மெல்ல இறங்கினால் சைலன்சர் அடைப்பு. முள் அசையாமல் நல்ல அளவில் நின்று வண்டி மட்டும் நடுங்கினால் எஞ்சின் மவுண்டிங்கைப் பாருங்கள், எஞ்சினை இறக்கி ஏற்றும்போது நைந்த மவுண்டிங்கையே திரும்ப மாட்டுவது சகஜம். மூன்று சிலிண்டர் வண்டி என்பதால் கொஞ்சம் நடுக்கம் இயல்பாகவே உண்டு, அதை யாராலும் முழுதாக எடுக்க முடியாது.

குறைகளும் இருக்கின்றன. கூட வரும் ஹோஸ் விறைப்பாக இருக்கிறது, பிளாஸ்டிக் கனெக்டர்கள் லேசாகக் காற்று விடுகின்றன, மீட்டரே ஏர் லீக் உண்டாக்கினால் என்ன பிரயோசனம்? நான் கடையில் நல்ல ஹோஸும் கிளிப்பும் தனியாக வாங்கிக்கொண்டேன். மூன்று சிலிண்டரில் இழுப்புகளுக்கு நடுவே இடைவெளி அதிகம், அதனால் முள் நடுங்கிப் படிக்கக் கஷ்டமாக இருக்கும். ஹோஸைக் கொஞ்சம் கிள்ளிப் பிடித்தால் நடுக்கம் அடங்கும், ஆனால் இதற்கென்று ஒரு சின்ன வால்வைப் பெட்டியிலேயே வைத்திருக்கலாம்.

எம்பிஎஃப்ஐ வண்டி (கார்புரேட்டர் இல்லாமல் கம்ப்யூட்டர் மூலம் பெட்ரோலைப் பீய்ச்சும் வண்டி) வைத்திருப்பவர்கள் முதலில் ஸ்கேனர் போட்டுப் பாருங்கள், அதில் ஒன்றும் சிக்காதபோது இதை வாங்கினால் போதும். வாங்கும்போது பாதரச அங்குல அளவு பெரிய எழுத்தில் இருக்கும் மீட்டராகப் பார்த்து எடுங்கள், சிலவற்றில் அது மிகப் பொடியாக இருக்கிறது.