பர்கரில் கோபிஸ் மேலேயா, கீழேயா?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் பர்கர் போடுகிறவர்களைக் கேட்டால் ஆளுக்கொரு அடுக்கு சொல்வார்கள். வாக்குவாதம் எல்லாம் ஒன்றில்தான்: நறுக்கிய கோபிஸும் (முட்டைக்கோஸ்) வெங்காயமும் இறைச்சிக்கு மேலே போகணுமா, கீழேயா? எங்கள் கடையில் கீழேதான்.

மேலே வைத்தால் பார்க்க அழகு, கோபிஸும் மொறுமொறுவென்று இருக்கும். கடையிலேயே நின்று சாப்பிடுகிறவருக்கு அப்படியே கொடுக்கலாம்.

ஆனால் எங்களுக்குத் தாப்பாவ், அதாவது கட்டி வாங்கிக்கொண்டு போகிற கூட்டம்தான் அதிகம். எல்பில் பக்கத்துத் தோட்டங்களுக்கு மோட்டாரில் தொங்கவிட்டுக்கொண்டு போவார்கள். சூட்டோடு தாளில் மடித்தால் ஆவி உள்ளேயே அடைபடும், இறைச்சியின் சாறும் கொழுப்பும் அடி ரொட்டியில் இறங்கும். வீட்டில் பிரிக்கும்போது மேல் ரொட்டி கையோடு வரும், அடி ரொட்டி தாளோடு ஒட்டிக்கொள்ளும். கோபிஸ் கீழே இருந்தால் சாறு அதில் தங்கிவிடும். கொஞ்சம் வதங்கத்தான் செய்யும். மாயோனிஸோடு வதங்கிய அந்தக் கோபிஸ் எனக்கு இன்னும் பிடிக்கும், அது வேறு விஷயம்.

ரொட்டியின் வெட்டிய பக்கத்தில் மாஜரின் தடவிக் கல்லில் சிவக்க வாட்டணும். அப்புறம் அடியில் மாயோனிஸ். அதில் எண்ணெய் அதிகம் என்பதால் ஈரத்தைச் சட்டென்று ரொட்டிக்குள் விடாது. சில்லி சோஸ் அப்படியில்லை, தண்ணீரும் வினிகரும் கலந்தது, ரொட்டியில் பட்டால் ஊறிவிடும். அதை இறைச்சியின் தலையில்தான் ஊற்றுவேன். தக்காளி, வெள்ளரி கேட்டால், "வீட்டுக்கா அண்ணே? அப்போ வேண்டாம்" என்று சொல்லிவிடுவேன். உப்புப் பட்டதும் இரண்டும் தண்ணீர் விடும்.

ஸ்பெஷல் என்றால் கதை வேறு. கல்லில் முட்டையை மெல்லிசாகப் பரப்பி, வெந்த ராம்லி பிராண்டு கோழி இறைச்சியை நடுவில் வைத்து நாலு பக்கமும் மடிக்கிறோம். சாறு பெரும்பாலும் முட்டைக்குள்ளேயே நின்றுவிடும். கோபிஸ் மேலே போனாலும் குடி முழுகாது. சீஸையும் உள்ளேயே வைத்து மடிக்கலாம், உருகினாலும் தாளில் ஒட்டாது.

டபுளுக்குத்தான் எனக்கு இன்னும் சரியான அடுக்கு அமையவில்லை. இரண்டு இறைச்சிக்கும் நடுவே கோபிஸ் வைத்தால் கடித்ததும் வழுக்கி வெளியே வருகிறது. ஆட்டிறைச்சி நாங்கள் அபூர்வமாகத்தான் போடுகிறோம். கொழுப்பு கூடுதலாக வடிவதால் கோபிஸ் கீழே இருப்பதே நல்லது என்று தோன்றுகிறது, ஆனால் அடித்துச் சொல்ல மாட்டேன்.