பாக்கி விழுந்த அல்ஜீப்ரா நோட்டு: டியூஷன், கைடு, கேமரா ஆப், நீண்ட நாள் பயன்படுத்தியதில் தெரிந்தவை

வடசென்னையில் ராயபுரம், தண்டையார்பேட்டை, வியாசர்பாடி பக்கம் பத்தாவது படிக்கும் பிள்ளை இருக்கிற வீட்டில் அரையாண்டுத் தேர்வு நெருங்கும்போது இந்தப் பேச்சு வரும்: "மேத்ஸ் நோட்டு இன்னும் முடிக்கல." பெரும்பாலும் பாக்கி நிற்பது மூன்றாவது பாடமான இயற்கணிதம், அதிலும் விகிதமுறு கோவைகள், அதாவது மேலும் கீழும் 𝑥 வரும் பின்னங்கள். ஒன்பதாவதில் அரைகுறையாக விட்ட முறுடுகளும் (√2, ∛2 போன்ற ரூட் எண்கள்) அதோடு சேர்ந்துகொள்ளும். பாக்கியை அடைக்க இங்கே கிடைக்கும் உதவி நான்கு வகை: தெருவில் இருக்கும் டியூஷன், கைடு, போனில் கேமரா ஆப், இப்போது ஏஐ சாட். இவற்றில் எதை எடுத்தாலும் விடை கிடைத்துவிடும். தப்பு எந்த வரியில் நடந்தது என்று காட்டுகிறதா என்பதை வைத்துத்தான் இங்கே மதிப்பிட்டிருக்கிறோம்.

முதலில் கேமரா ஆப். அச்சடித்த பாடநூல் பக்கத்தைக் காட்டினால் பெரும்பாலும் சரியாகப் படிக்கும். கையெழுத்தில்தான் வம்பு. கோடு போட்ட நோட்டில் இருக்கும் நீலக்கோட்டைப் பின்னக்கோடு என்றோ மைனஸ் என்றோ எடுத்துக்கொள்ளும். ரூட்டின் மேல்கோட்டைக் குட்டையாக இழுத்திருந்தால் √(𝑥+3) என்பது √𝑥 + 3 ஆகிவிடும். 3√2 என்று எழுதியதை ∛2 என்று படிக்கும். 𝑥-ஐப் பெருக்கல் குறி என்று நினைக்கும். ஆகவே தீர்வைப் பார்க்கும் முன் ஆப் எதைக் கணக்காக எடுத்துக்கொண்டது என்று காட்டும் வரியை விரலை வைத்துப் படிக்க வேண்டும். கணக்கைக் கோடில்லாத வெள்ளைத்தாளில் எழுதி, ரூட் கோட்டைக் கடைசி உறுப்பு வரை இழுத்துவிட்டால் பாதித் தொல்லை தீரும்.

இதைவிடப் பெரிய சிக்கல் விலக்கப்பட்ட மதிப்பில், அதாவது பின்னத்தின் பகுதியை (கீழே இருப்பதை) பூச்சியமாக்கும் 𝑥 மதிப்பில் வரும். (𝑥² − 9)/(𝑥² + 5𝑥 + 6) என்பதைக் காரணிப்படுத்தினால் (𝑥 − 3)(𝑥 + 3)/((𝑥 + 2)(𝑥 + 3)). எளிய வடிவம் (𝑥 − 3)/(𝑥 + 2). சில ஆப்களும் வெளிநாட்டு வீடியோக்களும் 𝑥 ≠ −2, 𝑥 ≠ −3 என்று இரண்டையும் போடும். நம் பத்தாம் வகுப்புப் பாடநூலோ எளிய வடிவத்துக்குக் கொண்டுவந்த பிறகு பகுதியைப் பூச்சியமாக்கும் மதிப்பைத்தான் கேட்கிறது. அதன்படி விடை −2 மட்டும். கணிதமாகப் பார்த்தால் ஆப் சொல்வதில் பிழையில்லை, மூலக் கோவைக்கு −3-இலும் மதிப்பு கிடையாது. ஆனால் நோட்டைத் திருத்தும் ஆசிரியர் பாடநூல் வரையறையைத்தான் பார்ப்பார். ஆப்பிலிருந்து நேராகக் காப்பி அடித்த நோட்டு இந்த இடத்தில் மாட்டிக்கொள்ளும்.

டியூஷனுக்கு வருவோம். ஒரு வீட்டு முன்னறையில் பத்துப் பதினைந்து பேரை உட்காரவைத்து எல்லாப் பாடமும் எடுக்கும் அக்காக்கள் இந்தப் பக்கம் நிறைய. அவர்களில் சிலர் இந்தப் பாடத்தைப் போர்டில் போட்டு எழுதவைத்து அனுப்பிவிடுகிறார்கள். நோட்டு நிறையும், ஆனால் அடுத்த தேர்வில் அதே தப்பு திரும்ப வரும். நல்ல டியூஷனை அடையாளம் காண ஒரே ஒரு கணக்கு போதும்:

(3𝑥 + 1)/(𝑥 − 2) − (𝑥 − 5)/(𝑥 − 2)

இதில் பாதிப் பிள்ளைகள் 3𝑥 + 1 − 𝑥 − 5 என்று எழுதி, 2𝑥 − 4 என்று சுருக்கி, கீழே 𝑥 − 2 இருப்பதைப் பார்த்து "அக்கா, 2 வந்துடுச்சுக்கா" என்று சந்தோஷமாக முடிப்பார்கள். விடை இவ்வளவு அழகாக வருவதால் யாருக்கும் சந்தேகம் வராது. உண்மையில் இரண்டாவது பின்னத்துக்கு முன்னால் இருக்கும் மைனஸ் −5-ஐ +5 ஆக்கும். தொகுதி (மேலே இருப்பது) 2𝑥 + 6, விடை (2𝑥 + 6)/(𝑥 − 2). இரண்டாவது தொகுதியை எழுதும்போதே அடைப்புக்குறி போடச் சொல்லி, போடாத வரியைச் சுழித்துக் காட்டுகிறவரிடம் தைரியமாகப் பணம் கட்டலாம். "தப்பு, திரும்பப் போடு" என்று மட்டும் சொல்கிறவரிடம் கட்டுவதும் கைடு வாங்குவதும் ஒன்றுதான்.

கைடு பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மூர் மார்க்கெட்டில் பழைய கைடு வாங்கினால் அது புதிய பாடத்திட்டத்துக்கானதா என்று பாருங்கள். வகுப்பில் பத்துப் பேர் நோட்டில் ஒரே அச்சுப்பிழை இருந்தால் ஆசிரியருக்கு எல்லாம் புரிந்துவிடும்.

காசே இல்லாமல் கிடைக்கும் சரிபார்ப்பு எண்ணைப் பிரதியிடுவது. கேள்வியிலும் விடையிலும் 𝑥-க்கு ஒரே எண்ணைப் போட்டுப் பாருங்கள். மேலே உள்ள கழித்தலில் 𝑥 = 3 என்றால் கேள்வி 10/1 − (−2)/1 = 12. சரியான விடையில் 12/1 = 12; தப்பான விடையில் 2. அரை நிமிட வேலை. எண்ணைத் தேர்ந்தெடுப்பதில் மட்டும் கவனம் வேண்டும். 0 போட்டால் 𝑥 உள்ள உறுப்புகள் காணாமல் போய்விடும். 1 போட்டால் 𝑥, 𝑥², 𝑥³ எல்லாம் ஒன்றாகிவிடும், அடுக்குத் தப்பு மறைந்துகொள்ளும். பகுதியைப் பூச்சியமாக்கும் எண்ணும் ஆகாது. 3, 5 இரண்டும் பொதுவாகத் தோது. இரண்டையும் போட்டு ஒத்துவந்தால் விடையை நம்பலாம். (𝑥 + 6)/(𝑥 + 2) என்பதில் 𝑥-ஐயும் 𝑥-ஐயும் அடித்துவிட்டு 3 என்று எழுதும் வியாதியையும் இது உடனே பிடிக்கும்: 𝑥 = 5 என்றால் 11/7, 3 அல்ல. அடிக்கலாம் என்பது காரணிகளுக்கு மட்டுமே, கூட்டலில் நிற்கும் உறுப்புகளுக்கு இல்லை.

வரைபடம் போடும் ஜியோஜீப்ரா ஆப்பை வைத்திருப்பவர்கள் கேள்வியையும் விடையையும் இரண்டு வரைபடமாகப் போட்டுப் பார்க்கலாம். ஒன்றன்மேல் ஒன்று படிந்தால் சரி. இலவசம், நாங்கள் பார்த்தவற்றில் கேமரா ஆப்களைவிட இதற்கே முதலிடம், ஏனென்றால் கணக்கைப் பிள்ளைதான் போட்டாக வேண்டும்.

கூட்டல், கழித்தலில் நேரம் வீணாவது மீ.பொ.ம. (மீச்சிறு பொது மடங்கு) எடுக்காமல் பகுதிகளை அப்படியே பெருக்குவதால். 1/(𝑥² + 3𝑥 + 2) + 1/(𝑥² + 5𝑥 + 6) என்ற கணக்கில் அப்படிச் செய்தால் கீழே 𝑥⁴ + 8𝑥³ + 23𝑥² + 28𝑥 + 12 வந்து நிற்கும். அதற்குமேல் யாரும் நகரமாட்டார்கள். முதலில் காரணிப்படுத்தினால் மீ.பொ.ம. (𝑥 + 1)(𝑥 + 2)(𝑥 + 3). தொகுதி (𝑥 + 3) + (𝑥 + 1) = 2(𝑥 + 2). விடை 2/((𝑥 + 1)(𝑥 + 3)).

ஏஐ சாட் இந்த இடத்தில் உதவும், கேட்கிற விதத்தில் கேட்டால். "விடை சொல்லு" என்று கேட்காமல், போட்ட வரிகளை அப்படியே தட்டச்சு செய்து "எந்த வரியில் முதல் தப்பு, அந்த வரியை மட்டும் சொல்" என்று கேட்க வேண்டும். தொகுதி, பகுதி இரண்டுக்கும் தனித்தனி அடைப்புக்குறி கட்டாயம்; இல்லாவிட்டால் 𝑥+6/𝑥+2 என்பதை 𝑥 + (6/𝑥) + 2 என்று எடுத்துக்கொள்ளும். அது சொன்னதையும் எண் போட்டுச் சோதியுங்கள், தப்பையும் சரியையும் ஒரே குரலில் சொல்லக்கூடியது அது. பல்லுறுப்புக் கோவையின் வர்க்கமூலத்தை வகுத்தல் முறையில் கேட்டால் போன் திரையில் பத்திகள் கலைந்து எதுவும் புரியாது. அதற்குத் தாளும் ஆளும்தான் சரி. விட்டுப்போன அடுக்குக்கு 0 போட்டு இடம் விட வேண்டும் என்பதையும், √(𝑥² − 10𝑥 + 25) = |𝑥 − 5| என்று மட்டுக்குறியோடு எழுத வேண்டும் என்பதையும் நேரில் சொல்லித் தந்தால்தான் நிற்கிறது.

முறுடுகளுக்குச் சோதனை இன்னும் சுலபம். √2 = 1.414, √3 = 1.732, √5 = 2.236 மூன்றும் மனப்பாடமாக இருக்கட்டும், தேர்வில் கால்குலேட்டர் கிடையாது. √50 + √18 − √8 = 5√2 + 3√2 − 2√2 = 6√2, ஏறக்குறைய 8.48. √60 என்று எழுதியவருக்கு 7.7-க்கு மேல் வரும், அங்கேயே பிடிபடும். 4/(√7 − √3) என்றால் மேலும் கீழும் √7 + √3 ஆல் பெருக்க, கீழே 7 − 3 = 4 ஆகி விடை √7 + √3. நடுக்குறியை மாற்றாமல் √7 − √3 ஆலேயே பெருக்கினால் கீழே 10 − 2√21 வரும், ரூட் போகவே போகாது. 1/∛2-ஐ ∛2 ஆல் பெருக்குவதும் இதே ரகம். இங்கே விகிதப்படுத்தும் காரணி (கீழே ரூட்டைப் போக்கப் பெருக்க வேண்டியது) ∛4, விடை ∛4/2.

பாக்கியை அடைக்கும் வரிசை பற்றி: பயிற்சி எண்படி முதலிலிருந்து போகாதீர்கள். முதல் நாள் இருபடிக் கோவைகளைக் காரணிப்படுத்துவது மட்டும், ஒரு பக்கம். அது கைவராமல் மற்ற எதுவும் நகராது. பிறகு சுருக்குதல், பெருக்கல், வகுத்தல். வகுத்தலில் இரண்டாவது பின்னத்தைத் தலைகீழாக்கிய பிறகுதான் அடித்தல். கூட்டல், கழித்தலுக்கு இரண்டு நாளாவது தனியாக வேண்டும், முறுடுகளுக்கு ஒரு மாலை. பொதுத்தேர்வின் 100 மதிப்பெண்ணில் 2, 5 மதிப்பெண் வினாக்களுக்கு மட்டும் 70 என்பதால், சுருக்கெழுத்தாக விடையை மட்டும் எழுதி நிரப்பிய பக்கத்தால் பயனில்லை. நேரம் போதவில்லை என்றால் ஒவ்வொரு பயிற்சியிலும் ஒன்றுவிட்டு ஒன்றாக முழு வரிகளோடு போட்டு, மிச்சத்துக்கு ஆசிரியரிடம் நேராக அவகாசம் கேளுங்கள். சோதித்த எண்ணைப் பென்சிலில் ஓரத்தில் விட்டுவைத்தால் பிள்ளையே போட்ட கணக்கு என்பது அவருக்கும் தெரியும்.