கம்ப்யூட்டர் ராம் விற்காமல் திருப்பி அனுப்பிய கடை

வேலூர் சத்துவாச்சாரியில் கலெக்டர் ஆபீஸ் பக்கம் ஜெராக்ஸ், டைப்பிங் கடை வைத்திருக்கிறேன். ஷட்டரைத் தூக்கும்போதே மனு அடிக்க நாலு பேர் நிற்பார்கள். என் கம்ப்யூட்டர் ஆறு மாதம் முன்பு அசெம்பிள் செய்து வாங்கியது: ரைசன் 7600 பிராசசர், 32 ஜிபி டிடிஆர்5 ராம் (மெமரி). சுவிட்சைப் போட்டால் கறுப்புத் திரைதான். செல்போனில் கணக்கெடுத்தேன்: விண்டோஸ் வட்டம் சுற்றத் தொடங்கவே 52 விநாடி! பழைய பென்டியமே தேவலை. அதில் மெமரியை எண்ணிச் சோதிக்கும்போது 65536 வரை எண் ஓடுவதை வேடிக்கை பார்க்கலாம், பொறுமை போனால் எஸ்கேப்பைத் தட்டலாம்.

வாங்கிய இடத்தில் விண்டோஸை மறுபடி போட்டுக் கொடுத்தார்கள். அதே 52.

அப்புறம்தான் ஆபீசர்ஸ் லைனில் ஒரு மாடிக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். செங்குத்துப் படி, முட்டி வலிக்காரர்கள் யோசித்துப் போங்கள். அந்தத் தம்பி கேஸைத் திறக்கவே இல்லை. “அண்ணா, விண்டோஸ் இன்னும் வாசலுக்கே வரலை. மதர்போர்டு ஒவ்வொரு தடவையும் ராமோட புதுசா பேசிப் பழகிட்டு இருக்கு” என்றார். டிடிஆர்5-இன் வேகத்துக்கு சிக்னல் நேரங்களைத் துல்லியமாகப் பொருத்த வேண்டுமாம். இதற்குப் பெயர் மெமரி ட்ரெயினிங். ஒருமுறை கண்டுபிடித்ததைச் சேமித்து வைத்து அடுத்த முறை அப்படியே எடுத்துக்கொள்ள, விண்டோஸுக்கு முன் வரும் போர்டின் செட்டிங்கான பயாசில் ‘மெமரி கான்டெக்ஸ்ட் ரீஸ்டோர்’ என்று ஒரு வரி இருக்கிறது. என் போர்டில் அது அணைந்து கிடந்தது.

உடனே போட்டுவிடுவார் என்று பார்த்தால், மாட்டேன் என்றுவிட்டார். “ராம் நல்லா இருக்கான்னு தெரியாம அந்த ட்ரெயினிங்கைத் தாண்டக் கூடாதுண்ணா.” பென்டிரைவில் ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 போட்டு ராத்திரி முழுக்க ஓடவிட்டார். எனக்கு அரை நாள் வியாபாரம் போனது, கடுப்புதான். ஆனால் பிழை ஒன்றுகூட இல்லை என்று திரையைக் காட்டியபோது மனசு ஆறியது. அந்த வரியையும் கூடவே ராம் சும்மா இருக்கும்போது மின்சாரத்தைக் குறைக்கும் ‘பவர் டவுன் எனேபிள்’ என்பதையும் ஆன் செய்தார். இப்போது 19 விநாடி.

300 ரூபாய் வாங்கினார். பில் கிடையாது. மதியம் 2 முதல் 4 வரை போன் எடுக்கமாட்டார். ஆனால் புது ராமோ எஸ்எஸ்டியோ தலையில் கட்டவில்லை.

மூன்று வாரமாக, விண்டோஸ் முடங்கினால் வரும் ப்ளூ ஸ்கிரீன் வரவில்லை. வந்தால் முதலில் எந்த வரியை அணைக்க வேண்டும் என்று அட்டையில் எழுதித் தந்திருக்கிறார். மானிட்டர் பின்னால் ஒட்டி வைத்திருக்கிறேன்.