நிவாரணப் பொட்டலமும் ஊர்ப் பொது அடுப்பும்

2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டி, தாமிரபரணி கரைபுரண்டபோது, பசியாற்ற இரண்டு வழிகள் இருந்தன: வெளியிலிருந்து வந்த நிவாரணம், ஊரார் தாமே மூட்டிய அடுப்பு.

முதலாவதற்கு வலு அதிகம். ஹெலிகாப்டரை அனுப்பவும், கடுமையாகப் பாதிக்கப்பட்ட வட்டங்களில் குடும்பத்துக்கு 6,000 ரூபாய் கொடுக்கவும் அரசால்தான் முடியும். ஆனால் சாலை அறுந்த அன்று ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் நின்றுபோய் நூற்றுக்கணக்கான பயணிகள் சிக்கியபோது, முதலில் சோறு பொங்கிக் கொடுத்தவர்கள் பக்கத்திலிருந்த புதுக்குடி மக்களே.

எனினும் 'ஊர்' என்ற சொல்லை நம் பக்கத்தில் கவனமாகவே பயன்படுத்த வேண்டும். வாய்க்காலுக்கு அப்பால் தாழ்ந்த நிலத்தில் இருக்கும் காலனி அதில் அடங்காது என்று நினைப்போர் இன்னும் இருக்கிறார்கள். பொட்டலமும் சாலையோர வீடுகளோடு தீர்ந்துவிடுவது உண்டு என்றாலும், தட்டிக் கேட்க அதிகாரி ஒருவராவது இருப்பார்.

ஆகவே, காலனிப் பெண்களும் நிலமற்ற கூலிகளும் சாவியையும் கணக்கையும் கையில் வைத்திருக்கும், ஊர் அடுப்புக்கான பொதுக் களஞ்சியத்தையே நான் தேர்ந்தெடுப்பேன். அரசு உதவி அதற்குப் பின்பலமாக வரட்டும். களஞ்சியம் மேட்டு நிலத்தில் அமைந்து, அரிசியோடு அண்டாவையும் காய்ந்த விறகையும் காக்க வேண்டும். ஈர விறகில் உலை கொதிக்காது.